அரிக்கமேடு கற்பிக்கும் பாடம்

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரியாங்குப்பம் என்னும் சிறிய ஊரையும், அதன் அருகே ஆற்றங்கரையில் கிடக்கும் அரிக்கமேடு என்னும் பழைய பட்டினத்தின் இடிபாட்டையும் பற்றியதாகும். நெய்வேலிக்கு வந்து அரிக்கமேட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குக் காரணம் இருக்கின்றது. மண்ணைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதை நெய்வேலிக்காரர்களுக்கு வேறொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் சோறே தோண்டுவதில் இருக்கின்றது. ஆகவே மண்ணுக்குள் இருக்கும் சாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடத் தகுதியான ஊர் நமக்குக் கிடைக்காது என்றே கருதுகின்றோம்.

இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1930-களில் ஜம்புலிங்கம் அவர்களுடைய நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒன்று வந்தது. அப்போது என்ன செய்திருக்கலாம்? பூமாதேவி கோபங்கொண்டாள் என்று சொல்லிப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, குழியை மூடியிருக்கலாம். அப்படி மூடியிருந்தால் இன்று இந்த நகரியமும் இல்லை, வட்டங்களும் இல்லை, விளக்கும் இல்லை. அப்படிச் செய்யாமல், அந்தக் கறுப்புப் பொருள் என்னவென்று கேட்டார்கள், எடுத்துச் சோதித்தார்கள், மேலும் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957-இல் சுரங்க வேலை துவங்கியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. சில கோடி வருஷங்களுக்கு முன் இங்கே அடர்ந்திருந்த காடு மண்ணில் அமிழ்ந்து கரியாயிற்று என்று பூமி ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். இன்று அந்தக் கரியை நீங்களே கையில் எடுத்து, மரத்தின் வரியைப் பார்க்கின்றீர்கள். ஒரு கேள்வி கேட்டதால் உண்டான ஊர் இது.

இதற்கு மறுபக்கமும் இருக்கின்றது. விழுப்புரம் ஜில்லாவில் திருவக்கரை என்றோர் ஊர். அங்கே பெரிய பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை சுமார் இரண்டு கோடி வருஷத்து மரங்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். ஆனால் ஊரிலே சொல்லிவந்த கதை என்ன? வக்கிராசுரன் என்ற அசுரனைக் கடவுள் கொன்றார் என்றும், அந்த அசுரனுடைய எலும்புதான் இந்தக் கல் என்றும் சொன்னார்கள். பட்டையும் கணுவும் வளையமும் கண்ணுக்கு நேரே தெரியும் மரத்தைப் பார்த்து எலும்பு என்று சொன்னார்களே, ஏன்? கண்ணில்லாமலா? கண் இருந்தது, கண்ணை நம்பக்கூடாது, கதையைத்தான் நம்பவேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அதுதான் காரணம்.

கதையை நம்புகிறதா, மண்ணை நம்புகிறதா என்கின்ற இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இனி அரிக்கமேட்டுக்குப் போவோம்.

மேடும் அதைக் கண்டவர்களும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பாதையில், பட்டணத்துக்குச் சற்று முன்னால் அரியாங்குப்பம் வருகின்றது. கடைத்தெரு, மீன் சந்தை, பள்ளிக்கூடம், பஸ் நிற்குமிடம் எல்லாம் உள்ள சாதாரண ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் காக்காயந்தோப்பு. அதற்கப்புறம் ஆறு வளைந்து கடலுக்குப் போகும் இடத்தில் தென்னையும் மாமரமும் நிற்கும் ஒரு மேடு. அதுதான் அரிக்கமேடு. இன்னும் கடலோரம் போனால் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர்.

இந்த மேட்டைப் பற்றி முதன்முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் லெ ஜெந்தீ என்னும் பிரெஞ்சு வான சாஸ்திரி. சுக்கிரன் சூரியனைக் கடந்து போவதை அளப்பதற்காக அவர் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்த நாள் வந்தபோது மேகம் மூடிக்கொண்டு, அவர் வந்த காரியம் கெட்டுப்போயிற்று. ஆனால் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. சுற்றுப்புறத்தைப் பார்த்தார், ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்கள் இருப்பதைக் குறித்தார். இந்தப் பக்கத்தில் ஜனங்கள் கும்பிட்டு வந்த ஒரு சிலையைப் பார்த்து, இது புத்தருடையது என்றும் கண்டுகொண்டார். ஊரார் அதைப் பிருமர் என்று சொல்லிக் கும்பிட்டு வந்தார்கள். மேட்டின் பெயரே அருகன் மேடு என்பதிலிருந்து வந்தது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ஜாதியில்லை, யாகமில்லை, புத்தியைக் கொண்டு ஆராய்ந்து பார் என்று சொன்ன புத்தரை, அவர் யாரென்றே தெரியாமல் வேறு பெயர் வைத்துக் கற்பூரம் கொளுத்தும் நிலைக்கு நமது ஜனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள் என்றால், இதைவிட ஒரு வெற்றி புராணக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

நிற்க. அதற்குப் பிறகு 150 வருஷத்துக்கு மேல் இந்த மேட்டைக் கவனிப்பார் இல்லை. 1937-இல் புதுச்சேரிக் காலேஜில் ஆசிரியராயிருந்த ழூவோ துப்ரேய் என்பவரிடம் ஊர்ச் சிறுவர்கள் மேட்டில் பொறுக்கிய ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒரு தலை செதுக்கியிருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்தஸின் தலை அது என்று அவர் கருதினார். ரோமாபுரியோடு வாணிபம் செய்த பட்டினம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார். பின்னர் 1945-இல் இந்தியப் புதைபொருள் இலாகாவின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் என்பவர் இங்கே முறையாகத் தோண்டினார். அவரை இழுத்து வந்தது என்ன? அதற்கு முந்தின வருஷம் சென்னை மியூசியத்தில் கிடந்த ஒரு ஜாடியின் உடைந்த கழுத்தும் கைப்பிடியும்! ஓட்டுத் துண்டென்று மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போன பொருள், பார்க்கத் தெரிந்தவன் கண்ணில் பட்டதும் ஒரு பட்டினத்தையே வெளியே கொண்டுவந்தது. அவருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் கசால் 1947 முதல் சில வருஷமும், விமலா பெக்லி என்னும் அம்மையார் 1989 முதல் 1992 வரையிலும் தோண்டினார்கள்.

மண் சொன்ன சாட்சி

என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். தங்கக் கிரீடமா? ரத்தின சிம்மாசனமா? அவையெல்லாம் ஒன்றும் இல்லை. ஓடுகளும் மணிகளும் செங்கற்களும் கிடைத்தன. ஆனால் ஒவ்வோர் ஓடும் ஒரு புராணத்தைவிட அதிகமாகப் பேசுகின்றது.

மத்தியதரைக்கடல் நாடுகளில் திராட்சை மதுவும், ஒலிவ எண்ணெயும், மீன் ஊறலும் நிரப்பி அனுப்புகின்ற, இரண்டு கைப்பிடியும் கூரான அடியும் உள்ள ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இத்தாலியில் அரெஸ்ஸோ என்னும் நகரம் இருக்கின்றது. அக்காலத்தில் அங்கே பளபளப்பான சிவப்புத் தட்டுகளும் கிண்ணங்களும் செய்வார்கள். அந்தத் தட்டுகளின் துண்டுகளும் அரிக்கமேட்டில் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் அடியில் அவற்றைச் செய்த பட்டறைக்காரர்களின் முத்திரை எழுத்தும் இருந்தது. அரெஸ்ஸோவில் எந்தப் பட்டறை எந்தக் காலத்தில் நடந்தது என்பது தெரிந்திருந்தபடியால், அரிக்கமேட்டில் அந்த ஓடு கிடந்த மண் அடுக்கின் காலமும் தெரிந்தது: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. தென்னாட்டுச் சரித்திரத்தில் அதுவரையில் இன்ன காலம் என்று சொல்ல வழியில்லாமலிருந்த பல பானைகளுக்கு, இந்தச் சிவப்பு ஓடு ஒரு காலக்கணக்கைக் கொடுத்தது. எந்தப் பஞ்சாங்கமும் இதைச் செய்யவில்லை. யுகத்துக்கு இத்தனை லட்சம் வருஷம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பானைக்கு வயது சொல்லத் தெரியவில்லை.

அப்புறம், ஆற்றங்கரையில் சுமார் 150 அடி நீளமுள்ள ஒரு செங்கல் கட்டடம் கண்டார்கள். அது பண்டகசாலை என்று வீலர் கருதினார். வேறோரிடத்தில் செங்கல் தொட்டிகளும் வாய்க்கால்களும் இருந்தன. அவை துணிக்குச் சாயம் தோய்த்த இடமாயிருக்கலாம் என்று எண்ணினார். இது ஓர் ஊகம் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை. ஆனால் மணி விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. கண்ணாடி மணி, சூதுபவள மணி, பளிங்கு மணி இவைகள் முடிந்ததும் முடியாததுமாக, துளை போட்டதும் போடாததுமாக, கழிவோடும் சில்லோடும் கிடைத்திருக்கின்றன. ஆகவே அங்கேயே பட்டறை இருந்தது என்பது நிச்சயம்.

மணிகளும், அடியில் உருளைக் கோடுபோட்ட வழவழப்பான தட்டுகளும் அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. அந்த வகைத் தட்டு இலங்கையில் அநுராதபுரத்தில் கிடைக்கின்றது. அதற்கும் அப்பால் பாலித் தீவில் செம்பிரான் என்னும் ஊரில் கிடைத்திருக்கின்றது. மேற்கே செங்கடல் கரையில், எகிப்து நாட்டுத் துறைமுகங்களான குசெய்ர், பெரனிகே என்ற இடங்களில் தமிழ் எழுத்துள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குசெய்ர் ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் இருக்கின்றன. இவர்கள் ராஜாக்களல்ல, ரிஷிகளல்ல. கணன் ஒரு வியாபாரியாயிருக்கலாம், கப்பல்காரனாயிருக்கலாம். பெரனிகேயில் ஒரு கோவிலின் தரையில் 7 கிலோவுக்கு மேல் மிளகு நிரம்பிய ஜாடி ஒன்று அப்படியே கிடைத்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய கடல் வழி நூலிலும், தாலமியின் பூகோள நூலிலும் பொதுகே என்ற துறைமுகம் சொல்லப்பட்டிருக்கின்றது. அது அரிக்கமேடுதான் என்று ஆராய்ச்சிக்காரர் பலர் கொள்ளுகின்றார்கள். இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் ரோமாபுரியிலிருந்து வெளியே போகின்றதே என்று பிளினி என்பவர் குறைப்பட்டு எழுதிவைத்தார்.

அந்தக் கைகள் யாருடையவை?

இவ்வளவு பணமும் பெருமையும் எந்தக் கைகளால் வந்தன என்பதைக் கவனியுங்கள். பானை செய்தவன் கை. மணி துளைத்தவன் கை. நூல் நூற்றவள் கை. துணி நெய்தவன், சாயம் தோய்த்தவன் கை. செங்கல் அறுத்தவன், மூட்டை தூக்கியவன், பாய் விரித்துக் கப்பல் விட்டவன் கை. இவர்களைப் பற்றிச் சாஸ்திரம் என்ன சொல்லுகின்றது என்று பாருங்கள்.

மனுதர்மத்தின் நான்காம் அத்தியாயத்தில், யார் யார் வீட்டுச் சோற்றைத் துவிஜன் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கின்றது. அதில் கொல்லன், தட்டான், துணி வெளுப்பவன், சாயம் தோய்ப்பவன் எல்லாரும் இருக்கின்றார்கள். மூன்றாம் அத்தியாயத்தில், திதிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடத் தகாத பார்ப்பனர் யார் என்று ஒரு பட்டியல் இருக்கின்றது. அதில் வீட்டுக்குத் தீ வைத்தவன், விஷம் கொடுத்தவன், இவர்களோடு ஒரே சுலோகத்தில் கடல் யாத்திரை செய்தவனையும், எண்ணெய் ஆட்டுகிறவனையும் சேர்த்திருக்கின்றார்கள். போதாயனர் என்பவருடைய தர்மசூத்திரமோ, கடலில் பிரயாணம் செய்வதை ஜாதியிலிருந்து விழும்படியான பாவங்களில் சேர்த்துவிட்டது.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். வீட்டைக் கொளுத்தியவனும் கப்பலேறியவனும் ஒன்றா? விஷம் வைத்தவனும் எண்ணெய் ஆட்டியவனும் ஒன்றா? உடம்பில் கட்டத் துணி வேண்டும்; ஆனால் அதற்குச் சாயம் போட்டவன் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது. கழுத்தில் போடப் பொன் வேண்டும். ஆனால் தட்டான் சோறு தீட்டு. இது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் ஏட்டோடு போயிற்று, யார் அனுசரித்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கணித மேதை இராமானுஜன் 1914-இல் இங்கிலாந்துக்குப் புறப்படுவதற்கு முன்னால், கடல் தாண்டக்கூடாது என்கின்ற ஆசாரம் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் எவ்வளவு பெரிய தடையாயிருந்தது என்பது அவர் சரித்திரத்திலேயே இருக்கின்றது. உலகமெச்சும் மூளையையே வீட்டில் கட்டிப்போடப் பார்த்த ஆசாரம் இது. ஆனால் அதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாய் ரப்பர் தோட்டத்துக்கும் தமிழ்க் கூலி ஜனங்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப் போகப்பட்டார்களே, அவர்களை எந்தச் சாஸ்திரியாவது, ஐயோ, கடலைத் தாண்டினால் பாவம் என்று கரையில் நின்று தடுத்தாரா? தடுக்கவில்லை. ஏனென்றால் விழுவதற்கு அவர்களுக்கு ஒரு ஜாதி உயரம் கொடுத்து வைத்திருந்தால் அல்லவா தடுப்பார்கள்!

இன்னொரு விஷயம். அரிக்கமேட்டு ஓடுகளில் தமிழ் எழுத்துகள் கீறியவையும் பல இருக்கின்றன. பானை ஓட்டில் எழுதுவதற்கு ராஜாவின் உத்தரவு வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அக்காலத்தில் சாதாரண ஜனங்களிடமும் எழுத்தறிவு பரவியிருந்தது என்று இந்த மாதிரி ஓடுகளைக் கொண்டுதான் ஐராவதம் மகாதேவன் போன்ற எழுத்து ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். பானையில் பெயர் கீறத் தெரிந்த ஜனங்களின் சந்ததி என்னவாயிற்று? சுமார் 2,000 வருஷம் கழித்து, 1951-ஆம் வருஷத்து ஜனக்கணக்கு எடுத்தபோது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 1953-இல், பிள்ளைகள் பாதி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று சென்னை ராஜ்யத்தில் ஒரு திட்டமே கொண்டுவந்தார்கள். நாடு முழுவதும் கிளம்பிய எதிர்ப்பினால் 1954-இல் அது ஒழிந்தது. ஒழியாமலிருந்தால் இங்கே இன்று இயந்திரம் ஓட்டுகிறவர்களிலும் என்ஜினீயர்களிலும் எத்தனை பேர் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டு இடிபாடு ஒன்று

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மேல்நாட்டிலும் ஓர் இடிபாட்டைச் சொல்லுவோம். இத்தாலியில் கடலோரத்தில் பாம்பேயி என்று ஒரு சிறு நகரம். கி.பி. 79-இல் பக்கத்து எரிமலை வெடித்து, சாம்பலில் ஊரே புதைந்து போயிற்று. அரிக்கமேடு நடந்துகொண்டிருந்த அதே காலம். 1748 முதல் அதைத் தோண்டி வருகின்றார்கள். அடுப்பில் கருகிய ரொட்டி, கடை வீதி, துணி வெளுக்கும் தொட்டி எல்லாம் அப்படியே வெளிவந்திருக்கின்றன. 1938-இல் அங்கே ஒரு வீட்டில் நம் நாட்டுத் தந்தத்தில் செய்த பெண் உருவம் ஒன்றும் கிடைத்தது. அந்த ஊர்ச் சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள் எழுதியிருக்கின்றன: இன்னாரைத் தேர்ந்தெடுங்கள் என்று ரொட்டி சுடுகிறவர்களும், துணி வெளுப்பவர்களும், சாயம் தோய்ப்பவர்களும் தங்கள் தொழிலின் பெயரைப் போட்டே எழுதியிருக்கின்றார்கள். எந்தத் தொழில்காரன் சோறு தீட்டென்று மனு எழுதினாரோ, அதே தொழில்காரன் அங்கே, எனக்கு இன்னார்தான் அதிகாரியாக வேண்டும் என்று சுவரில் எழுதினான்.

உடனே ரோமாபுரி பெரிய யோக்கியன் ஊர் என்று நாம் சொல்லுவதாக நினைக்கவேண்டாம். அது அடிமை வைத்திருந்த ராஜ்யம். அரெஸ்ஸோவில் அந்த அழகான சிவப்புத் தட்டுகளைச் செய்தவர்களிலும் பலர் அடிமைகள்தான். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே விடுதலை பெற்ற அடிமைக்குப் பிறந்த பிள்ளை பிரஜையாகலாம். அடிமைத்தனத்தைச் சட்டம் உண்டாக்கியது. பின்னால் வந்த ஜனங்கள் சட்டத்தாலேயே அதை ஒழித்தார்கள். நம் நாட்டிலோ இழிவைக் கடவுள் உண்டாக்கினார் என்று எழுதிவைத்தபடியால், சட்டம் போட்டு ஒழித்த பின்னும் அது மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கின்றது.

பெருமை பேசிப் பயனில்லை

இன்னுமொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அரிக்கமேடு, கீழடி என்று பேச்சு வந்தவுடன் நம்மவர்களில் சிலர் மீசையை முறுக்கிக்கொண்டு, பார்த்தாயா, ரோமாபுரி ராஜாவே நம்மிடம் கை நீட்டினான் என்று பேசத் தொடங்கிவிடுகின்றார்கள். பாட்டன் யானை ஏறினான் என்று பேரன் தழும்பைத் தடவிப் பார்த்தால் என்ன பிரயோஜனம்? ரோமாபுரிக்கு மணி அனுப்பிய நாட்டில் இன்றைக்கும் தனிச் சுடுகாடு இருக்கின்றதே, கலப்பு மணம் செய்த பிள்ளைகளை வெட்டிப் போடுகின்றார்களே, அதற்கு அரிக்கமேட்டு ஓடு பரிகாரமாகுமா? பழைய புராணத்தைத் தள்ளிவிட்டு, பழம்பெருமை என்று புதுப் புராணம் செய்துகொள்ள நாம் வரவில்லை. அந்தப் பழைய பட்டினத்திலும் ஏழை இருந்திருப்பான், எஜமானன் இருந்திருப்பான். பொன்னுலகம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அப்படியானால் அரிக்கமேட்டால் நமக்கு என்ன லாபம் என்றால், உண்மையை அறியும் வழியை அது கற்பிக்கின்றது. அதுதான் லாபம். இதைக் கேளுங்கள். வீலர் பெரிய ஆராய்ச்சிக்காரர். ஆனால் அவர் இதை ரோமானியர் வந்து ஏற்படுத்திய வாணிப நிலையம் என்கின்ற எண்ணத்திலேயே எழுதினார். கோடு போட்ட தட்டுகளையும் மேல்நாட்டுத் தொடர்புடையவை என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் மண்ணைச் சோதித்து, அந்தத் தட்டுகள் இந்த நாட்டு மண்ணில் இந்த நாட்டார் செய்தவை என்று காட்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஜனங்கள் குடியிருந்து தொழில் செய்தார்கள் என்றும், அந்த வாணிபம் குன்றிய பிறகும் இவ்விடம் அடியோடு பாழாகிவிடவில்லை என்றும் பெக்லி அம்மையார் காட்டினார். வீலர் சொன்னதை மறுத்ததற்காக அவரை நாத்திகர் என்று யாராவது ஊரைவிட்டுத் தள்ளினார்களா? இல்லை. சரியான ஆதாரம் வந்தால் பழைய முடிவை விட்டுவிடுவதுதான் அறிவின் இலட்சணம். வக்கிராசுரன் எலும்புக் கதையை எழுதினவர்கள் என்றைக்காவது, நாங்கள் சொன்னது பிசகு, அது மரந்தான் என்று ஸ்தல புராணத்தைத் திருத்தி அச்சுப் போட்டதுண்டா?

ஆகவே நீங்கள் அரிக்கமேட்டுக்குப் போகும்போதும் இந்தப் புத்தியோடு போகவேண்டும். அங்கே செங்கல் தூண்களும் வளைவுச் சுவரும் நிற்கும். போகின்ற பேர்கள் பலர், ஆகா, ரோமானியர் கட்டிய அரண்மனை என்று அதன் முன்னால் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றார்கள். உண்மையில் அது 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் வைத்திருந்த பாடசாலையின் இடிபாடு. தோண்டிய குழிகளையெல்லாம் பாதுகாப்புக்காக மண் போட்டு மூடிவிட்டார்கள். பழைய பட்டினம் உங்கள் காலுக்குக் கீழே இருக்கின்றது, கண்ணுக்குத் தெரியாது. மேலே நிற்பதுதான் பழையது என்று நம்பிவிடுவது, கோபுரம் உயரமாயிருப்பதால் உள்ளே இருப்பது உண்மை என்று நம்புவது போலத்தான். அங்கே கிடைத்த ஓடுகளையும் மணிகளையும் புதுச்சேரி மியூசியத்தில் வைத்திருக்கின்றார்கள். முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போனால்தான் விளங்கும்.

தேரும் மேடும்

அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் வருஷந்தோறும் ஆடி மாதத்தில் அம்மன் தேர்த் திருவிழா நடக்கின்றது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடித்து இழுப்பது வழக்கம். அன்றைக்குச் சர்க்கார் விடுமுறையும், பஸ்ஸும், போலீஸும், லட்சத்தை எட்டும் கூட்டமும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மேட்டுக்குப் போய் ஒரு செங்கல்லைப் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்? தேர் இழுக்க வந்த கவர்னர்களில் எத்தனை பேர் இந்த மேட்டின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்? மீனவத் தோழர்களை நாம் குறை சொல்லவில்லை. கடலில் உயிரைப் பணயம் வைத்துப் போகிறவன் கரையில் ஏதாவது ஒரு துணையைத் தேடத்தான் செய்வான். ஆனால் அவனுக்குச் சொல்லவேண்டியது, உன் தேர் உயரமானது என்பதா? உன்னைப் போன்ற கடலோடிகளின் கையாலும் துணிச்சலாலும் இந்த ஆற்றுமுகம் ஒரு காலத்தில் உலகத்துக்கே துறைமுகமாயிருந்தது என்பதல்லவா? கடல் தாண்டுவது பாவம் என்று எழுதியவன் கரையில் இருந்தான். தாண்டியவன் உன் தொழில்காரன் என்பதல்லவா?

அந்த மேட்டுக்கு வந்த கேடும் கொஞ்சமல்ல. பழைய செங்கல்லை வெட்டியெடுத்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். வீலர் தோண்டியபோது பல இடங்களில் சுவர் இருந்த பள்ளந்தான் இருந்தது, சுவர் இல்லை. ஆறு ஒரு பக்கம் கரையை அரிக்கின்றது. சர்க்கார் பாதுகாப்பில் இருக்கின்றது என்று பலகை வைத்துவிட்டால் மட்டும் போதாது. ஊரார், இது நம்முடையது, நம் கைவேலைக்கு உள்ள சாட்சி என்று எண்ணினால்தான் அது நிலைக்கும்.

இதை நெய்வேலிக்காரர்கள் நன்றாக உணரவேண்டும். இந்தச் சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. ஏர் ஓட்டிய நிலமும், குடித்த கிணறும், பிள்ளைகள் விளையாடிய தெருவும் இன்று சுரங்கத்தின் குழியாக இருக்கின்றன. அரிக்கமேட்டிலாவது ஓடு மிஞ்சியிருக்கின்றது. இங்கே தோண்டிய இடத்தில் ஓடும் மிஞ்சாது. ஆகவே எந்த ஊர் எங்கே இருந்தது, யார் யார் நிலம் கொடுத்தார்கள், எந்தக் குடும்பம் எங்கே போயிற்று, எந்த வேலைக்காரன் எந்த விபத்தில் செத்தான் என்பதையெல்லாம் உயிரோடிருக்கும் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதி வைக்காவிட்டால், நூறு வருஷம் கழித்து எவனாவது வந்து, இங்கே ஓர் அசுரன் இருந்தான், அவன் விழுந்த பள்ளந்தான் இது என்று ஒரு ஸ்தல புராணம் எழுதி உண்டியல் வைத்துவிடுவான். தொழிலாளியின் பெயர் இல்லாத இடத்தில்தான் சாமியின் பெயர் வந்து உட்காருகின்றது.

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக்கொள்ளுவது மிகவும் சுலபமான காரியம். வருஷத்துக்கொருமுறை கோவிலுக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு பஸ் ஏறுகின்றீர்கள். ஒரு முறை அந்தச் செலவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி மியூசியத்துக்கும் அரிக்கமேட்டுக்கும் போய் வாருங்கள். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பெண் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். ஓட்டைக் காட்டி, இதைச் செய்தவன் யார், இதை எழுதியவன் யார், இவன் சந்ததிக்குப் படிப்பு எப்படி மறுக்கப்பட்டது என்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். ஆசிரியர்களும் சங்கக்காரர்களும் இதை ஒரு வேலையாக எடுத்து நடத்தலாம்.

நாம் இவ்வளவு நேரம் சொன்னதையும், மேடையில் சொன்னார்கள் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். மியூசியம் இருக்கின்றது, மேடு இருக்கின்றது, மனுவின் புத்தகமும் கடையில் விலைக்குக் கிடைக்கின்றது. நேரில் பாருங்கள், படித்துப் பாருங்கள், ஒன்றோடொன்றை ஒத்துப் பாருங்கள். உங்கள் சொந்தப் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.